வளைந்த மதர்போட்டும் இறங்காத நாலாவது காலும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சூடேறித் தானாக நின்றுபோகும் பழைய கணினிகளுக்குக் கணினியின் மூளையான பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் பூசியிருக்கும் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் கழற்றிவிட்டீர்கள். திரும்ப மாட்டப் போய் மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள்தான் இம்முறை வந்து குவிந்திருக்கின்றன. ஆகவே பிரிண்டர், வைஃபை எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். அண்ணன் அனுப்பிய பழைய ஐ3 மெஷின், சொக்கட் எல்ஜிஏ 1155. பேஸ்ட் மாற்றிவிட்டு இன்டெல் கூலரைத் திரும்ப வைத்தேன். மூன்று கால் இறங்கியது, நாலாவது இறங்கவே இல்லை. பெருவிரலால் பலங்கொண்ட மட்டும் அழுத்தினேன். கிறீச் என்று சத்தம் வந்து இறங்கிவிட்டது. இப்போது பக்கவாட்டில் பார்த்தால் போட் வளைந்து தெரிகிறது. மெஷின் ஓடுகிறது. ஆனால் பயமாக இருக்கிறது. (தலவாக்கலை)

ஓடுகிறதல்லவா, பயத்தை விடுங்கள் தம்பி. அந்தக் கூலர் போட்டைக் கொஞ்சம் வளைக்கத்தான் செய்யும். நாலு கால்களும் போட்டின் நாலு துளைகளைப் பிடித்து மேலே இழுக்கின்றன, நடுவில் உலோகக் கட்டி பிராசசரை அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் சொக்கட் (பிராசசர் உட்காரும் இருக்கை) உள்ள இடம் பின்பக்கமாகச் சற்றுப் புடைக்கும். 2004இல் வந்த எல்ஜிஏ 775 என்ற சொக்கட் வகைப் போட்டுகளில் இது கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அதில் சொக்கட்டுக்குப் பின்னால் இரும்புத் தகடு கிடையாது. 2009இல் வந்த எல்ஜிஏ 1156இல் அந்தத் தகடு இருந்தது. உங்களுடைய 1155இலும் அது இருக்கிறது. போட்டைத் திருப்பினால் தெரியும்.

எவ்வளவு வளைவு சரி, எவ்வளவு கூடாது என்பதற்கு வீட்டிலேயே அளவு பார்க்கலாம். கூலரைக் கழற்றி, போட்டை வெளியே எடுத்து, ஸ்டீல் அடிமட்டத்தின் விளிம்பை அதன் முன்பக்கத்தில் வெறும் இடமாகப் பார்த்து ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வையுங்கள். மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள். எதிரே டோர்ச் அடித்தால் இடைவெளி வெளிச்சமாகத் தெரியும். இந்த மாதிரிப் போட்டுகளைத் தயாரிக்கும்போது நீளத்தில் 0.75 வீதம் வரை வளைவை அனுமதிக்கிறது தொழிற்சாலைத் தரம். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய வகைப் போட்டின் ஒரு பக்கம் 244 மி.மீ. கணக்குப் போட்டால் 1.8 மி.மீ. சொச்சம் வரும். கூலரைக் கழற்றிய பிறகும் அதைவிட அதிகமாக வளைந்தே நின்றால் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அப்படி நிற்காது. 1.6 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடி நார்ப் பலகை அது, விட்டால் நிமிர்ந்துவிடும்.

நான் கவலைப்படுவது பலகையை நினைத்தல்ல, அதன்மேல் ஈயத்தால் ஒட்டியிருப்பவற்றை நினைத்து. சொக்கட்டைச் சுற்றி அரிசிக் குறுணை அளவில் பழுப்பு நிறக் கட்டிகள் இருக்கின்றன பாருங்கள், செரமிக் கப்பாசிட்டர்கள். அவை வளையத் தெரியாதவை, விரிசல் விடத்தான் தெரியும். விரிசல் விட்டாலும் வெளியில் காட்டாது. இன்றைக்கு ஓடும், ஒருநாள் காலையில் ஓன் ஆகாது. சொக்கட்டின் அடியில் உள்ள ஈயக் குண்டுகளும் அப்படித்தான். அதனால்தான் மூன்று கால் இறங்கிய பிறகு நாலாவதைப் பெருவிரலால் குத்த வேண்டாம் என்கிறேன். அந்த நேரத்தில் போட்டின் ஒரு மூலை மட்டும் முறுகுகிறது. நாலும் சமமாக இழுப்பது வேறு, ஒரு மூலை முறுகுவது வேறு.

நாலாவது கால் ஏன் இறங்கவில்லை? அந்தக் காலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே வெள்ளை பிளாஸ்டிக், நுனியில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே கறுப்பு ஊசி. முதலில் வெள்ளை நுனி துளைக்குள் போக வேண்டும், பிறகு கறுப்பு ஊசி அதன் நடுவே இறங்கி நுனியை விரிக்க வேண்டும். அப்படி விரிந்தால்தான் பிடி. வெள்ளை நுனியில் ஒரு பக்கம் மடிந்திருந்தால் அது துளைக்குள் போகாமல் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கொடுக்கும் பலமெல்லாம் போட்டை வளைக்கத்தான் போகும். உங்களுக்குக் கேட்ட கிறீச் அந்த நுனி நசுங்கிய சத்தமாக இருக்கலாம்.

இன்னொன்று, கறுப்புக் குமிழின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கிறது. அது கழற்றும் திசை. அம்புப்படி கால்வாசி திருப்பி மேலே இழுத்தால் கால் கழன்று வரும். திரும்ப மாட்டும் முன் அம்புக்கு எதிராக, நிற்கும்வரை திருப்பி வைக்க வேண்டும். கழற்றிய நிலையிலேயே விட்டு அழுத்துகிறவர்கள்தான் அதிகம். எவ்வளவு அழுத்தினாலும் பூட்டு விழாது.

ஆகவே ஒருமுறை கழற்றி முறையாகப் போடுங்கள். போட்டைக் கேசிங்கிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். சொக்கட்டின் இரு பக்கமும், துளைகளுக்கு ஒட்டினாற்போல ஆனால் துளை மறையாமல், ஒரே தடிப்பான இரண்டு கொப்பிகளைக் கீழே கொடுங்கள். கால் நுனி வெளியே வர இடம் வேண்டும், போட் தொங்கவும் கூடாது, அதற்குத்தான். பழைய பேஸ்ட்டைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிது. நாலு வெள்ளை நுனியும் நாலு துளைக்குள் போயிருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகே அழுத்தத் தொடங்க வேண்டும். எதிரெதிர் மூலைகள் இரண்டை, இரு பெருவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள், டிக் என்று கேட்கும். பிறகு மற்ற இரண்டு. கடைசியில் போட்டைத் திருப்பி, நாலு துளையிலும் விரிந்த வெள்ளை நுனிகளுக்கு நடுவே கறுப்பு ஊசி தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றில் தெரியாவிட்டால் அது மாட்டப்படவில்லை. நுனி நசுங்கியிருந்தால் அந்தக் கால் மட்டும் தனியாக வாங்கக் கிடைக்கும். அதற்காகக் கூலரையே எறிய வேண்டாம்.

அந்த எல்ஜிஏ 1155 சொக்கட்டில் கூலர் கொடுக்கலாம் என்று இன்டெல் வைத்த உச்ச அழுத்தம் 222 நியூட்டன், அதாவது சுமார் 22 கிலோ எடை. அதைக் கொடுக்க வேண்டியது கூலரின் கால்கள், உங்கள் பெருவிரல் அல்ல.

வணக்கம். நான் பாடசாலை ஆசிரியர். பத்தாம் தலைமுறை ஐ5இற்கு ஸ்குரூ வைத்து மாட்டும் டவர் கூலர் வாங்கி நானே பொருத்தினேன். இதுவரை 16 ஜிபி காட்டிய ரேம் இப்போது 8 ஜிபிதான் காட்டுகிறது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு பக்க ஸ்லொட் செத்துவிட்டது. கூலருக்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம்? (நுவரெலியா)

நிறையச் சம்பந்தம் இருக்கிறது சேர். ரேமை நடத்தும் பகுதி இப்போது போட்டில் இல்லை, பிராசசருக்குள் இருக்கிறது. பிராசசரின் அடியில் உள்ள தட்டையான தொடுபுள்ளிகளைச் சொக்கட்டின் மெல்லிய ஊசிகள் வெறுமனே தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. கூலரை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்வாக விட்டால் பிராசசர் மயிரிழை சாயும். சாய்ந்த பக்கத்து ஊசிகள் சில தொடாமல் போகும். அவை ரேமின் ஒரு சனலுக்கு (ரேமுக்குத் தரவு போய்வரும் பாதை) உரிய ஊசிகளாக இருந்தால் பாதி ரேம் காணாமல் போகும். ஸ்லொட்டில் கோளாறு இருக்காது.

மெஷினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, நாலு ஸ்குரூவையும் மூலைக்கு மூலை மாறி மாறி அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு மெஷினை ஓன் செய்து, பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) ரேம் அளவைப் பாருங்கள். அநேகமாகத் திரும்பி வந்துவிடும். வந்தால் அப்படியே விட்டுவிடாமல் முழுதாகக் கழற்றி, புதுப் பேஸ்ட் போட்டு மறுபடி மாட்டுங்கள். நாலு ஸ்குரூவையும் முதலில் விரலால் பிடிக்கவிட்டு, பிறகு வேன் டயர் நட்டை இறுக்குவது போல எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்காமல் போக வேண்டும். ஓரளவு நல்ல கூலர்களில் ஸ்பிரிங்கும், ஒரு கட்டத்துக்கு மேல் போகாத நிறுத்தமும் இருக்கும். ஸ்குரூ சட்டென்று நிற்கும். அங்கே நீங்களும் நின்றுவிட வேண்டும். 'இன்னும் ஒரு அரைச் சுற்று இருக்கட்டும்' என்பதில்தான் சொக்கட் போகிறது. ஸ்குரூட்ரைவரைக் கைப்பிடியின் தலையில் மூன்று விரலால் பிடித்துத் திருப்பினால் போதும். முழங்கை வேலை செய்யத் தொடங்கினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பெற்றரி ட்ரில்லால் கூலர் இறுக்குகிற கடையைக் கண்டால் உங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கும் இல்லாமல் நிறுத்தமும் இல்லாமல் வெறும் நட்டோடு வருகிற மலிவுக் கூலர்கள் இருக்கின்றன. எங்கே நிறுத்துவது என்று அவை சொல்லாது. அவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை.

கூலரின் ஸ்குரூக்களைப் பிடிக்கப் போட்டின் பின்னால் வைக்கும் பின்தகட்டையும் ஒருதடவை பாருங்கள். உங்களுடைய எல்ஜிஏ 1200இற்குத் துளைகளின் இடைவெளி 75 மி.மீ. பன்னிரண்டாம் தலைமுறையின் எல்ஜிஏ 1700இற்கு அது 78 மி.மீ. இரண்டுக்கும் பொதுவான தகடுகளில் நீளத் துளைகள் இருக்கும். ஸ்குரூவைத் தவறான முனையில் விட்டால் நாலும் சாய்வாக இழுக்கும். தகடு இரும்பு என்றால் அதற்கும் போட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் அல்லது வாஷர் கட்டாயம்.

இத்தனைக்குப் பிறகும் 8 ஜிபிதான் என்றால் பிராசசரைத் தூக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்து, போன் கமெராவில் சூம் செய்து சொக்கட்டைப் பாருங்கள். ஊசிகள் வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அதைத் தொடாதீர்கள். உருப்பெருக்கி வைத்து வேலை செய்கிற ஒருவரிடம் கொடுங்கள்.

மகன் கொழும்பில் வேலை செய்கிறான். அவனுடைய கம்பியூட்டரை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறானாம். உள்ளே ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கூலர் இருக்கிறது என்கிறான். அப்படியே அனுப்பலாமா? (மஸ்கெலியா)

வேண்டாம் அண்ணா. கூலரைக் கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். இரட்டை ஃபேன் வைத்த பெரிய டவர் கூலர்கள், உதாரணத்துக்கு நொக்டுவாவின் என்எச்-டி15, 1.3 கிலோ வரும். கேசிங் நிமிர்ந்து நிற்கும்போது அந்த எடை முழுவதும் போட்டிலிருந்து பக்கவாட்டாகத் தொங்குகிறது. வீட்டில் அசையாமல் இருந்தால் ஒன்றுமில்லை. அவிசாவளை தாண்டியதும் தொடங்கும் வளைவுகள் உங்களுக்குத் தெரியாததல்ல. கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏறி வருவதற்குள் அந்தக் கூலர் எத்தனை தடவை இடமும் வலமும் இழுக்கும்! 2015இன் கடைசியில் இன்டெல்லின் ஸ்கைலேக் பிராசசர்களின் அடிப்பலகை முன்னையதைவிட மெல்லியது என்பதால், கனமான கூலரோடு குலுங்கும்போது பிராசசரே வளைந்துபோவதாகச் செய்திகள் வந்தன. கூலர் கம்பனி ஒன்று ஸ்குரூ செட்டை மாற்றித் தர வேண்டி வந்தது.

கழற்ற நேரமே இல்லை என்றால் கேசிங்கைப் படுக்க வைத்து, போட் கீழேயும் கூலர் மேலேயும் இருக்கும்படி கொண்டுவரட்டும். கிராஃபிக்ஸ் கார்ட்டையும் கழற்றிவிட்டால் நல்லது. டிக்கியில் வேண்டாம், சீட்டில் ஒரு டிக்கட் கூட எடுத்தாலும் நட்டமில்லை. ஹட்டனில் இறக்கித் த்ரீவீலரில் ஏற்றும்போது யாராவது 'இந்தப் பக்கம் மேலே' என்று பார்த்து வைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான அடி அங்கேதான் விழுகிறது.

எங்கள் குளிருக்குக் கூலரே தேவையா? (நானுஓயா)

தேவை. ஆனால் பெரிது தேவையில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகத்தான் அள்ளிப்போகும், ஆகவே அதே ஃபேன் கொழும்பில் செய்கிற வேலையை இங்கே முழுதாகச் செய்யாது. ஆனால் உள்ளே போகிற காற்றே கொழும்பைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்தது என்பதால் கூட்டிக் கழித்தால் லாபம் நமக்குத்தான். சாதாரண அலுவல், படிப்பு, கொஞ்சம் கேம் என்றால் பிராசசரோடு வருகிற கூலரே போதும். கிலோக் கணக்கில் உலோகத்தைத் தொங்கவிட்டுப் போட்டை வதைக்க நம் ஊரில் காரணமே இல்லை என்பது என் அபிப்பிராயம். கேம் பிள்ளைகள் கோபித்தால் கோபிக்கட்டும்.

பன்னிரண்டாம் தலைமுறை பிராசசர் சொக்கட்டிலேயே வளைகிறது, அதற்கு 'கொன்டாக்ட் ஃபிரேம்' போட வேண்டும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். போடலாமா அக்கா? (பண்டாரவளை)

வளைவது உண்மை. எல்ஜிஏ 1700 பிராசசர் சதுரம் அல்ல, 45இற்கு 37.5 மி.மீ. நீள்சதுரம். சொக்கட்டின் மூடி அதன் நீண்ட பக்கங்களின் நடுவில் மட்டும் அழுத்துவதால், நாளடைவில் நடுப்பகுதி கொஞ்சம் பள்ளமாகிறது. பள்ளத்தில் கூலர் சரியாகப் படியாது. அந்த ஃபிரேம் மூடிக்குப் பதிலாகச் சுற்றிவர ஒரே சீராக அழுத்துகிறது. சூடு சில டிகிரி குறையும்.

ஆனால் தங்கச்சி, இந்த வளைவால் பிராசசர் அதன் வரையறைக்கு வெளியே போகாது என்றும், சொக்கட்டில் கைவைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்றும் இன்டெல் சொல்லிவிட்டது. ஃபிரேமின் ஸ்குரூவைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் மேலே நுவரெலியா சேருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும், ரேம் காணாமல் போகும். உங்கள் மெஷின் சாதாரண வேலையில் எழுபது டிகிரிக்குள் நிற்கிறதென்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல யூபிஎஸ் பெற்றரி வாங்குங்கள். மூடிக்கு அடியில் வாஷர் வைக்கிற வித்தையையும் காட்டுகிறார்கள். அதைக் கட்டாயம் வேண்டாம் என்பேன்.

போட்டை வெளியே எடுக்காமல் கேசிங்குக்குள் வைத்தே கூலர் மாட்ட முடியாதா? (கொட்டகலை)

பின்தகடு ஏற்கெனவே போட்டில் இருந்து, ஸ்குரூ மட்டும் முடுக்குவது என்றால் மாட்டலாம். அழுத்திப் பூட்டும் கால்கள் என்றால் கூடாது. போட்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் ஓரங்களிலும் இடையிலும்தான் இருக்கின்றன, சொக்கட்டுக்கு நேர் கீழே ஒன்றுமே இல்லை. கேசிங்கின் தட்டும் அங்கே வெட்டி விடப்பட்டிருக்கும். நீங்கள் மேலிருந்து அழுத்தினால் போட் அந்த ஓட்டைக்குள் அமுங்கும். ஏடிஎக்ஸ் என்ற முழு அளவுப் போட்டில் அந்தக் குமிழ்களுக்கு வழக்கமாக ஒன்பது துளை. பழைய கேசிங்குகளில் இரண்டு மூன்று குமிழ்களைக் காணாமலே மாட்டியிருப்பார்கள். நடு வரிசையில் ஒன்று இல்லாவிட்டால் ரேமை அழுத்தும்போதும் போட் வளையும். எடுத்து எண்ணிப் பாருங்கள். துளை இல்லாத இடத்தில் குமிழ் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போட்டின் முதுகில் பட்டு ஷோர்ட் ஆகும்.

ரைசன் 5 3600. கூலரை இழுத்தேன், பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது! (பதுளை)

ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கட்டில் நடக்கிற விஷயம்தான். ஊசிகள் பிராசசரில் இருக்கின்றன, சொக்கட் அவற்றைப் பக்கவாட்டில் பிடிக்கிறதே தவிர மேலே மூடி கிடையாது. பேஸ்ட் இறுகினால் கூலரின் பிடி சொக்கட்டின் பிடியை வென்றுவிடும். இனிமேல் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்திய பிறகு, கூலரை மேலே இழுக்காமல் மெதுவாக இடமும் வலமும் திருகி எடுங்கள். நம் காலைக் குளிரில் பேஸ்ட் நன்றாக இறுகி இருக்கும், ஆகவே இது முக்கியம். இப்போது கூலரோடு ஒட்டியிருப்பதைக் கத்தியால் நெம்ப வேண்டாம், திருகியே எடுங்கள். ஊசி வளைந்திருந்தால் லெட் போடாத கிளட்ச் பென்சிலின் நுனியை அதன்மேல் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். 2022இல் வந்த ஏஎம்5இல் ஊசிகள் சொக்கட்டுக்குப் போய்விட்டன, மூடியும் வந்துவிட்டது. அதில் இந்தத் தொல்லை இல்லை.

வளைந்த போட்டை ஹெயார் ட்ரையரால் சூடாக்கி, மேலே பாரம் வைத்து நிமிர்த்தலாமா? (ஹட்டன்)

கூடாது.

பழைய மதர்போட் ஒன்று விலைக்கு வருகிறது. முன்பு யாராவது கூலரை இறுக்கிக் கெடுத்திருக்கிறார்களா என்று வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? (ஹப்புத்தளை)

பெட்டியில் வைத்தே காட்டினால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். முதுகைப் பாருங்கள். கூலர்த் துளைகளைச் சுற்றிப் பச்சையோ கறுப்போ பூச்சு வெடித்து வெள்ளையாகக் கீறியிருந்தால் அங்கே யாரோ பலம் காட்டியிருக்கிறார்கள். நம் ஈரக் காற்றில் பின்தகட்டு ஸ்குரூ துருப்பிடிப்பது சாதாரணம், அதற்காக விலை குறைக்கலாமே தவிரப் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன அடிமட்டத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசியில் பிராசசரும் கூலரும் மாட்டி, எல்லா ரேம் ஸ்லொட்டிலும் ரேம் போட்டு, பயோஸில் முழு அளவும் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே கூலரின் மேல் முனையை ஒரு விரலால் மிக இலேசாக அசையுங்கள். திரை உறைந்தாலோ மெஷின் திரும்ப ஸ்டார்ட் ஆனாலோ சொக்கட்டின் அடியில் ஈயம் விட்டிருக்கலாம், வாங்காமல் திரும்பி வாருங்கள். இதைச் செய்து பார்க்க விடமாட்டேன் என்கிற கடையிலும் வாங்க வேண்டாம்.